மூடி வைத்த தட்டு

மாநிலத் தலைவி மசேருவிலிருந்து வந்திருந்தார்.
கடைசி மூன்று மைல் குதிரைப் பாதை, நடந்தே வந்த களைப்பு.
தேநீர் ஆறும்வரை பேசாமலிருந்துவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டார்:
'இந்த மாதம் எத்தனை இரவு வீட்டில் சாப்பிட்டாய், கெனுவே?'
ஏழு என்றேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் பதினொரு ஊர்.
தடுப்பூசிப் பெட்டி, இருமல் மாத்திரை, கண் பார்க்கும் விளக்கு,
எல்லாம் என் சேணப்பைக்குள்.
யாரோ ஒருத்திக்கு எப்போதும் வலி எடுத்திருக்கும்.
யாரோ ஒருவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு
எப்போதும் வாசலில் நிற்பான்.
பூட்ஸை நான் முழுதாகக் கழற்றியதே இல்லை.

தலைவி குறிப்பேட்டில் ஏழு என்று எழுதினார்.
அடியில் ஒரு கோடு போட்டார்.
அவ்வளவுதான்.

சொல்லிவிடுகிறேன்:
நோயாளிகளை நேசிப்பது எளிது.
நன்றி சொல்வார்கள், போய்விடுவார்கள்.
லிமகாட்சோ போகமாட்டாள்.
தேநீரை உறிஞ்சுவாள், கதவை அறைவாள்,
ஒவ்வொரு திருப்பாடலுக்கும் முன்னால்
ஒரு பெருமூச்சு விடுவாள், சிற்றாலயமே கேட்க.
வார்த்தைப்பாடு கொடுத்த அன்று
ஏழ்மை தெரிந்திருந்தது, கற்பும் கீழ்ப்படிதலும் தெரிந்திருந்தன.
இந்தச் சத்தங்களை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

ஜூலையில் பனி கணவாயை அடைத்தது.
முதல் நாள் மருந்துகளை அடுக்கினேன்.
இரண்டாம் நாள் கலைத்து, மறுபடி அடுக்கினேன்.
மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல்
நற்கருணை அப்பம் சுடும் அறைக்குப் போய்
எமரன்சியாவுக்கு ஒத்தாசை செய்தேன்.

என்னைவிட ஆறு வயது இளையவள்.
இரும்பு அச்சில் மாவை ஊற்றி மூடினாள்.
சீறல் அடங்குவதைக் காது கொடுத்துக் கேட்டுத் திறந்தாள்.
விரல் நுனிகளில் பழைய தீக்காயம், அதன் மேல் புதியது.
கருகியதையும் நல்லதையும்
முகர்ந்து பிரித்தாள்.
'பார்த்தாலே தெரிகிறதே' என்றேன்.
'உனக்கு' என்றாள்.

அன்று மாலைச் செபத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஒரு சொல் பிசகாமல் செபித்தாள்.
கையிலிருந்த புத்தகம் தலைகீழாக இருந்தது.

விளக்கை எடுத்து வந்தேன்.
வலது கண்ணில் பால் திரண்டிருந்தது.
இடதில் சாவித்துவாரம் அளவு வெளிச்சம் மிச்சம்.
பதினொரு ஊரில் இருநூற்றுச் சொச்சம் கண்களைப் பார்த்த விளக்கு.
சிற்றாலயத்தில் அவள் இருக்கைக்கும் என் இருக்கைக்கும் இடையில்
ஒரு முழம்.

'என்னிடம் சொல்லியிருக்கலாம்.'
'சாப்பாட்டு மேசையில் சொன்னேனே' என்றாள்,
உப்பு குறைவு என்பதுபோல.
'அன்றிலிருந்துதான் லிமகாட்சோ கதவை அறைகிறாள்.
எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?
பெருமூச்சு, செபம் தொடங்கப்போகிறது என்பதற்கு.'
பிறகு யோசித்து,
'தேநீர் மட்டும் அவள் குணம்.'

ஐந்தாம் நாள் பனி இளகியது.
செப மணியும் குதிரைக் குளம்பும் ஒன்றாகவே கேட்டன.
மனைவிக்கு வலி, தலைச்சன் பிள்ளை,
மதியத்துக்கு மேல்தான் தொடங்கியது என்றான்.
மனதுக்குள் மணிகளை எண்ணினேன். நேரமிருந்தது;
இல்லாதது போலவும் இருந்தது.
லிமகாட்சோ எனக்கென்று மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து
களியையும் கீரையையும் அவன் முன்னால் நகர்த்தினாள்.
'சாப்பிடு. நீ முடிப்பதற்குள் நாங்களும் முடித்துவிடுவோம்.'

பூட்ஸை வாசலில் விட்டேன்.
எமரன்சியாவின் புத்தகத்தை நேராக்கி வைத்தேன்,
அவசியமே இல்லாமல்.
பெருமூச்சு வந்தது.
தொடங்கினோம்.

கணவாயின் பாதி ஏற்றத்தில்,
அவன் லாந்தருக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது
நினைவு வந்தது:
மசேருவில் கண் மருத்துவர் வருவது வியாழன் மட்டும்.
தடுப்பூசிக்கு நான் ஊர்களுக்குச் சொல்லிவிட்டிருந்ததும்
அதே வியாழன்.